தீவில் ஓர் ஒற்றி வீடு

எங்கள் மாவட்டத்தில் விடுமுறை இல்லம் என்ற சொல்லை யாரும் பயன்படுத்துவதில்லை. ஆனால் எல்லோரும் கட்டுவது அதைத்தான். ஆண்டில் பதினொரு மாதம் வளைகுடாவிலோ கப்பலிலோ கழித்துவிட்டு, மீதி ஒரு மாதம் வந்து தங்குவதற்காக நான்கு படுக்கையறை, ஐந்து கழிப்பறை, முன்பக்கம் தேவையில்லாத இரண்டு தூண். அந்தத் தூண்களை வரைவது என் வேலை. நாகர்கோவிலில் ஒரு கட்டுமான அலுவலகத்தில் சிவில் இன்ஜினியராக இருக்கிறேன். இனயம் என்ற கடலோர ஊரில் நான் வரைந்த ஒரு வீட்டில் லிஃப்ட்கூட உண்டு. அதன் சொந்தக்காரர் ஆண்டுக்கு ஒரு முறை கப்பலிலிருந்து வந்து, மனைவியின் வீட்டில் தங்கிவிட்டுப் போகிறார். புது வீட்டில் தரை வழுக்குகிறதாம்.

ஊருக்கெல்லாம் வீடு வரைந்து கொடுக்கும் எனக்குச் சொந்த வீடு கிடையாது. அப்பா, அம்மா, ஒரே மகள் நான்; நாங்கள் ஒற்றி வீட்டுக் குடும்பம்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒற்றியை விளக்க வேண்டியிருக்கும். வீட்டுக்காரரிடம் ஒரு பெரிய தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டுக் குடியேறுவோம். மாத வாடகை இல்லை. இரண்டோ மூன்றோ ஆண்டு கழித்து, புதுப்பித்தால் இன்னும் சில ஆண்டு கழித்து, காலி செய்யும்போது, கொடுத்த தொகை அப்படியே திரும்பி வந்துவிடும். பேச்சில் அது 'ஒத்தி'. கொஞ்சம் படித்தவர்கள் 'லீஸ்' என்பார்கள்.

அப்பா ஒற்றியின் பக்தர். கல்யாணமான அடுத்த மாதமே வளைகுடாவுக்குப் போய், முப்பது ஆண்டு ஏசி மெக்கானிக்காக இருந்தவர். அவருடன் போனவர்கள் ஒவ்வொரு விடுமுறைக்கும் ஒரு தளம் எழுப்பினார்கள். அப்பா ஒரு தத்துவம் எழுப்பினார்.

"வீடு கட்டுகவன் காசைக் குழி தோண்டிப் புதைக்கான். நான் அவனுக்க வீட்டுல சும்மா இருக்கேன். எனக்க காசு சாகாம கெடக்கு, கேட்டியா?"

தத்துவம் அவருடையது. அதில் குடியிருந்தது அம்மா. என் நினைவில் எங்கள் குடும்ப வரலாறு ஆண்டுகளாக இல்லை, ஏழு வீடுகளாகவும் அவற்றின் தடைகளாகவும் இருக்கிறது. வடசேரியில் மாடியில் துணி உலர்த்தக் கூடாது. ஒழுகினசேரியில் அம்மியில் அரைக்கக் கூடாது, சுவர் அதிருமாம். கோட்டாற்றில் மீன் பொரிக்கக் கூடாது; அங்கிருந்த இரண்டு ஆண்டும் மீன் தின்பதற்காகவே உறவினர் வீடுகளுக்கு அடிக்கடி போனோம், எங்களுக்குப் பாசம் கூடிவிட்டது என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். வெட்டூர்ணிமடத்தில் தடை எதுவும் இல்லை. ஆனால் வீட்டுக்காரர் தினமும் மாலையில் வந்து, எங்களிடம் ஒரு வார்த்தை பேசாமல், அரை மணி நேரம் தம் வீட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அந்த அரை மணி நேரமும் அம்மா அடுக்களையிலேயே இருப்பாள். அடுத்த இரண்டு வீடுகளைப் பற்றி அவள் பேசவே மாட்டாள். ஏழாவது பார்வதிபுரத்தில்.

சென்ற ஆண்டு மாசி மாதத்தில் ஒரே வாரத்தில் இரண்டு காரியங்கள் நடந்தன. அப்பா வேலையை முடித்துக்கொண்டு, கம்பெனி கொடுத்த கடைசிப் பணத்துடன் ஊர் வந்து சேர்ந்தார். பார்வதிபுரம் வீட்டுக்காரர், வெளிநாட்டிலிருந்து மகன் திரும்பி வருவதால் சித்திரை பிறப்பதற்குள் காலி செய்துவிடும்படியும், ஒற்றிப் பணம் தயாராக இருப்பதாகவும் சொல்லியனுப்பினார். எங்கள் வாழ்நாளிலேயே முதல் முறையாக ஒரு வீட்டின் விலை முழுவதும் ஒரே சமயத்தில் கைக்கு வந்தது. ஒரு வீட்டின் விலைதான். இரண்டு வீட்டின் விலை இல்லை.

அம்மா அந்த ஒரு வீட்டை ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தாள். இறச்சகுளத்தில் நாலரை சென்ட், இரண்டு அறை, ஒரு கிணறு. கோயம்புத்தூரில் மகனோடு போய் இருக்கப்போகும் ஓய்வுபெற்ற ஆசிரியத் தம்பதியின் வீடு. எங்களிடம் சொல்லாமல் நான்கு முறை பேருந்தில் போய் வந்திருக்கிறாள். ஐந்தாவது முறை என்னையும் அழைத்துப் போனாள். டீச்சர் சாயா போட்டுக்கொண்டிருக்க, நான் டேப்பும் டார்ச்சுமாக வீட்டைச் சுற்றிவந்து குறைகளை எழுதினேன். சன்ஷேடில் வெடிப்பு. வடக்குச் சுவரில் ஈரம். செப்டிக் டேங்க் கிணற்றுக்கு மிக அருகில். மொத்தம் பத்தொன்பது. அம்மா இதற்கிடையில் அடுக்களை ஜன்னலைத் திறப்பதும் சாத்துவதும் மறுபடி திறப்பதுமாக இருந்தாள்.

திரும்பும் பேருந்தில் பட்டியலைப் படித்துக் காட்டினேன்.

"பத்தொம்பதும் படிச்சுத் தீந்தாச்சா?" என்றாள். "உங்கப்பாக்கிட்ட இதுக்கு மேல குறை உண்டு மக்கா. நான் வேண்டாம்னா சொன்னேன்?"

ஆனால் அப்பாவுக்கு அந்த வார நாளிதழில் ஒரு விளம்பரம் கிடைத்திருந்தது. திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய ஓட்டலில், வெளிநாட்டு விடுமுறை இல்லங்களின் கண்காட்சி. அனுமதி இலவசம். மதிய உணவும் இலவசம்.

"தாய்லாந்துல கடல் பாத்த வீடு" என்றார்.

"கடல் இஞ்ச இல்லியா?" என்றாள் அம்மா. "ஊருலகத்துல உள்ளவன் எல்லாம் வண்டி பிடிச்சு கன்னியாகுமரிக்கு வந்து பாத்துட்டுப் போறான். நாப்பது நிமிஷம் பஸ்ஸு."

"அது நம்ம கடல் பிள்ளே. அதைப் பாத்தா லீவுல இருக்கது மாதிரியா இருக்கும்?"

நான் பொறுமையாக, ஒன்று, இரண்டு என்று காரணங்களை அடுக்கினேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "முப்பது வருஷம் மத்தவனுக்க பீச் ஹவுஸுக்கு ஏசி மாட்டினேன் மக்கா. வேலை தீந்தா செருப்பைக் கையில எடுத்துட்டு பின்வாசல் வழியா எறங்கணும். அந்த பால்கனியில எல்லாம் நல்ல நல்ல சாய்வுக் கசேரி கெடக்கும். ஒருநாள்கூட உக்காந்து பாத்ததில்ல."

அடுக்கிய காரணங்களை விட்டுவிட்டு, ரயில் நேரம் பார்த்தேன். மூன்று பேருமாக ரயிலேறினோம். அம்மா வந்தது சாப்பாட்டுக்கு என்று சொல்லிக்கொண்டாள்.

எங்களுக்கு வாய்த்த விற்பனையாளர் சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்த தமிழ் இளைஞர். கோட்டு, நல்ல மரியாதை, பாடப்புத்தகத் தமிழ். ஒரு தீவில் கட்டி முடித்த அடுக்ககத்தின் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். படங்களில் யாருமே இல்லை, வெள்ளை மெத்தைகளும் கடலும்தான். வெளிநாட்டவர் சொந்தமாக வாங்கக்கூடிய பங்கு விற்றுத் தீர்ந்துவிட்டதாகவும், மீதி வீடுகள் முப்பது ஆண்டு லீஸில் கிடைக்கும் என்றும் சொன்னார்.

அப்பா மேசைக்கு அடியில் என் கையைப் பிடித்து அழுத்தினார். "முப்பது வருஷம்!" என்று என் காதில் சொன்னார். "நம்மூர்ல மூணுக்கு மேல ஒருத்தன் தருவானா?"

"ஐயா, நீங்கள் அங்கே நான்-ரெசிடென்டாக, அதாவது அங்கு வசிக்காதவராக, பதிவு செய்துகொள்வீர்கள். அதில் உங்களுக்குத் தயக்கம் ஏதும் இல்லையே?"

"தம்பி, முப்பது வருஷமா நான் அதுதான். எல்லா ஃபாரத்துலயும் அந்தக் கட்டத்துலதான் டிக் அடிப்பேன். அதுல எனக்கு நல்ல சர்வீஸ் உண்டு."

"வீட்டுலயும் அப்படித்தான் தம்பி" என்றாள் அம்மா, ஐஸ்கிரீமைக் கரண்டியால் வழித்துக்கொண்டே.

அடுத்த இரண்டு நாட்கள் நான் கேள்விகள் தயாரித்தேன். தடுக்க முடியாத காரியத்தைச் சரிபார்த்தாவது செய்ய வேண்டும் என்பது என் தொழில் கற்பித்த ஆறுதல். கடற்காற்றில் கம்பி துருப்பிடிப்பு, கழிவுநீர் எங்கே போகிறது, நிலநடுக்கத்துக்கான வடிவமைப்பு, பராமரிப்புக் கட்டணம், நாம் இல்லாத மாதங்களில் சாவி யாரிடம், விசா, வங்கிப் படிவங்கள். நாற்பத்தொரு கேள்விகள். சிங்கப்பூர் இளைஞர் நாற்பத்தொன்றுக்கும் ஒழுங்காகப் பதில் அனுப்பினார். நல்ல பதில்களுக்குப் பச்சை, சுமாருக்கு மஞ்சள், மோசத்துக்குச் சிவப்பு என்று நிறம் தீட்டினேன். மூன்றே சிவப்பு. என் அலுவலகத்தின் எந்தக் கட்டடமும் இவ்வளவு நல்ல மதிப்பெண் வாங்கியதில்லை.

அந்த நிறத்தாளை அப்பா மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஊர் முழுக்கக் காட்டினார். ஒருநாள் அவரை அழைத்துவரப் போய், சாயாக்கடை முன்னால் ஸ்கூட்டரில் காத்திருந்தபோது அவருடைய பழைய கூட்டாளியின் குரல் கேட்டது.

"ஏலே, எனக்கு ஒரு சந்தேகம். வீடு உள்ளவன் லீவுக்கு வேற வீட்டுக்குப் போவான். லீவு முடிஞ்சா வீட்டுக்கு வருவான். லீவு முடிஞ்சா நீ எங்கடே வருவ?"

கடை முழுவதும் சிரித்தது. அப்பாவும் கூடச் சிரித்தார். ஸ்கூட்டரில் ஏறிய பிறகு, "பொறாமை" என்றார்.

சித்திரைக்குப் பதினைந்து நாள்தான் இருந்தது. இறச்சகுளம் டீச்சர், அம்மாவைத் தொலைபேசியில் அழைத்து, மார்த்தாண்டத்திலிருந்து ஒருவர் முழுப் பணத்துடன் வந்து பார்த்துவிட்டுப் போனதாகவும், அம்மாவுக்காக வெள்ளிக்கிழமை வரை பொறுப்பதாகவும் சொன்னார். அப்பா தீவு வீட்டுக்கு ஒப்பந்தம் போட நேரம் குறித்திருந்தது வியாழக்கிழமை மதியம் மூன்று மணி, காணொலியில். அம்மா அதற்குப் பிறகு இறச்சகுளம் என்ற பெயரையே எடுக்கவில்லை. வியாழக்கிழமை காலையில் பழைய அட்டைப்பெட்டிகளை இறக்கி, பாத்திரங்களைக் காகிதத்தில் சுற்ற ஆரம்பித்தாள். எட்டாவது ஒற்றி வீட்டுக்கு அல்லது வேறெதற்கோ. அந்த வேலையில் அவளுக்கு நிகர் கிடையாது. ஒரு முழு அடுக்களையை மூன்று பெட்டியில் அடக்குவாள்.

மூன்று மணிக்குச் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்தேன். அப்பா தேய்த்த சட்டை போட்டு, அச்செடுத்த கையெழுத்துத் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார். திரையில் இளைஞர் ஒப்பந்தத்தின் பக்கங்களை நகர்த்த, அப்பா ஒவ்வொரு பக்கத்துக்கும் தலையாட்டினார். கடைசிப் பக்கம் வந்தபோது, அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

"தம்பி, ஒரு காரியம் கேக்கணும். முப்பது வருஷம் கழியும்போ இவருக்கு வயசு தொண்ணூத்தொண்ணு. அங்க வந்து பணம் வாங்க இவரால ஏலாது. எனக்க மவளுக்க பேரை இப்பமே எழுதி வைங்க, அவ கையில குடுக்கணும்."

"எந்தப் பணம், அம்மா?"

"நாங்க தரக்கூடிய பணம்."

"அது வீட்டுக்காக நீங்கள் கொடுப்பது, அம்மா."

"ஆமா. வீட்டை நாங்க திருப்பித் தருவோம்லா? அப்போ பணத்தை நீங்க திருப்பித் தரணும்லா?"

திரையில் அவர் அசையவில்லை. இணையம் நின்றுவிட்டதோ என்று பார்த்தேன். இணையம் நன்றாகத்தான் இருந்தது, அவர்தான் நின்றிருந்தார்.

"லீஸ் முடிந்தால் வீடு உரிமையாளருக்குப் போய்விடும், அம்மா. பணம் திரும்ப வராது."

அப்பா பெருந்தன்மையாகக் குறுக்கிட்டார். "வட்டியெல்லாம் வேண்டாம் தம்பி. முதல் மட்டும் தந்தா போரும்."

"முதலும் வராது, ஐயா."

நான் என் கேள்வித்தாளை எடுத்துப் பார்த்தேன். நாற்பத்தொரு கேள்விகளில் அது இல்லை. கம்பியின் துருவைக் கேட்டவள், கழிவுநீரின் போக்கைக் கேட்டவள், பணம் திரும்புமா என்று கேட்கவில்லை. ஒற்றி வீடுகளில் வளர்ந்த எனக்கு லீஸ் என்றால் பணம் திரும்பும். அதைக் கேட்பது, கல்யாண வீட்டில் சாப்பாடு உண்டா என்று கேட்பது போல. ஒரு பதிலில் 'திரும்பத் தரப்படாது' என்ற வாசகம்கூட இருந்தது. முன்பதிவுத் தொகையைத்தான் சொல்கிறார் என்று எண்ணி, நானே அதற்குப் பச்சை அடித்திருந்தேன்.

"அப்போ அதுக்குப் பேரு வாடகைதானே?" என்றார் அப்பா. எங்கள் வீட்டில் அந்தச் சொல்லைப் பிள்ளைகள் முன்னால் சொல்வதில்லை. "முப்பது வருஷத்து வாடகையை முன்கூட்டியே எண்ணி வாங்கிட்டு, அதுக்கு லீஸுன்னு பேரும் வச்சிருக்கியளே தம்பி!"

"முடிந்ததும் இன்னொரு முப்பது ஆண்டு புதுப்பித்துக்கொள்ளலாம், ஐயா."

"அப்பவும் பணம் தரணுமா?"

"ஆமாம், ஐயா."

"அப்போ அறுவது வருஷத்து வாடகை!"

இளைஞர் உண்மையிலேயே குழம்பிப்போயிருந்தார். உங்கள் ஊரில் லீஸ் என்றால் வேறு என்ன என்று கேட்டார். அப்பா பேனாவை மூடிவிட்டு விளக்கத் தொடங்கினார். இருபது நிமிடம் ஆயிற்று. ஏமாந்த துயரம் பாதியிலேயே மறைந்து, தத்துவத்தின் களிப்பு முகத்தில் ஏறிவிட்டது.

"பணம் முழுவதும் திரும்பி வருமா, ஐயா? அப்படியானால் உரிமையாளருக்கு என்ன லாபம்?"

"அது அவனுக்க பாடு."

"எழுத்தில் இருக்குமா?"

"பின்னே? ஆதாரம் எழுதி, முத்திரை வச்சு."

இளைஞர் குறிப்பெடுத்துக்கொள்வது தெரிந்தது. பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்: "ஐயா, என் அம்மாவுக்கு இந்தியாவில் ஒரு வீடு இருந்தால் நன்றாக இருக்கும் என்று நெடுநாள் ஆசை. நான்-ரெசிடென்டுக்கும் ஒற்றி தருவார்களா?"

அப்பா விசாரித்துச் சொல்வதாக வாக்களித்தார். தீவு வீடு வாங்கத் தொடங்கிய அழைப்பு, சிங்கப்பூர்க்காரருக்கு நாகர்கோவிலில் வீடு பார்த்துக் கொடுப்பதாக முடிந்தது.

மடிக்கணினியை மூடியதும் அப்பா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். "சவத்த விடு. நல்ல நேரம், கையெழுத்துக்கு முன்னாலயே தெரிஞ்சுது. கோணம் ஊர்ல ஒரு வீடு ஒத்திக்கு இருக்காம். நாளைக்கு போயிப் பாப்போம்."

அம்மா நின்ற இடத்திலிருந்து வந்து அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். அவள் மேசையில் உட்கார்ந்து நான் அதிகம் பார்த்ததில்லை.

"இஞ்ச பாருங்க. அவன் பணத்தைத் திருப்பித் தர மாட்டான்னதும் உங்களுக்கு வயிறு எரியுகது. நியாயம். முப்பது வருஷமா உங்க காசு சாகாம கெடக்கு, ஏழு வீட்டுக்காரனும் முழுசாத் திருப்பித் தந்தாச்சு. அந்த ஏழு வீட்டுலயும் நானுந்தான் கெடந்தேன். எனக்க முப்பது வருஷத்தை எந்த வீட்டுக்காரன் திருப்பித் தருவான்?"

அப்பா மூடிய பேனாவை எடுத்துச் சட்டைப் பையில் செருகினார்.  

அம்மா என் கைபேசியை வாங்கி, இறச்சகுளம் எண்ணைப் போடச் சொன்னாள். ஒலிபெருக்கியில் போடு என்றாள்.

"டீச்சர், நாளைக்கு காலையிலயே அட்வான்ஸோட வருகோம்."

"உங்க வீட்டுக்காரரும் வருகாரா?" என்றது டீச்சரின் குரல்.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா மேசையைப் பார்த்தார்.  பிறகு என் பக்கம் திரும்பி, "அங்க ஏசிக்கு தனி கரண்டு லைன் உண்டா மக்கா?" என்று கேட்டார்.

"இல்லப்பா. எனக்க லிஸ்ட்ல பன்னெண்டாவது குறை."

"அப்போ நானே இழுத்துக்கிடுகேன்" என்றார்.

"வருகாரு டீச்சர்" என்றாள் அம்மா.

மறுவாரம் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே, ஆதாரம், அதாவது பத்திரம், எழுதும் கடையில் உட்கார்ந்திருந்தோம். அதற்குள் அப்பா, சொந்த வீடு வாங்கும் எண்ணம் தமக்கு நெடுநாளாகவே இருந்ததென்று சாயாக்கடையில் அறிவித்திருந்தார். அம்மா மறுக்கவில்லை. ஆதாரம் தன் பெயரில் இருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னாள். எழுத்தர் கணினியில் தட்டிக்கொண்டே டீச்சர் தம்பதியின் விவரங்களை முடித்து, அம்மாவின் விவரங்களை முடித்து, சாட்சிக்கு வந்தார். ஒரு சாட்சி நான். இன்னொன்று அப்பா.

"ஐயாவுக்க ஆதார் கார்டைத் தாங்க. இதுல உள்ள வீட்டுலதான் இப்பமும் இருக்கியளா?"

"அது விட்டு எத்தனையோ வருஷமாச்சு."

"பாஸ்போர்ட்டுல?"

"அது வேற வீடு. அதும் விட்டாச்சு."

"அப்போ இப்பம் இருக்கது?"

"அதை ஞாயித்துக்கிழமை ஒழிஞ்சு குடுக்கணும்."

எழுத்தர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார். "ஐயா, சாட்சிக்கு ஒரு விலாசம் வேணும். எதையாவது சொல்லணும்லா? நான் எதை எழுத?"

அப்பா என்னைப் பார்த்தார். எனக்கும் அதே விலாசங்கள்தான்.

"எனக்க வீட்டு விலாசத்தை எழுதுங்க" என்றாள் அம்மா.

"அம்மா, அது இன்னும் உங்களுக்கு ஆகல்லியே. பதிஞ்சு முடிய ஒரு மணிக்கூறாவது ஆகும்."

"ஒரு மணிக்கூறுதானே. எழுதுங்க."

எழுத்தர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் தலையசைத்தார். எழுத்தர் வீட்டெண்ணைத் தட்டி, தாளை அச்செடுத்து, அப்பாவின் முன்னால் வைத்தார். அப்பா மூக்குக்கண்ணாடியைப் போட்டு அந்த விலாசத்தை இரண்டு முறை படித்துவிட்டு, அதன்கீழ் கையெழுத்துப் போட்டார்.